டிஎன்ஏ மசோதா போய்விட்டது. டிஎன்ஏ எடுக்கும் அதிகாரம் போனதா?

2023 ஜூலையில் ஒன்றிய அரசு டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதாவை மக்களவையில் இருந்து திரும்பப் பெற்றது. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு வந்த செய்தி அது. 'அப்பாடா, டிஎன்ஏ வங்கி வராது' என்று பலரும் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் யாரிடமாவது டிஎன்ஏ மாதிரி எடுக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப எழுகிறது: அந்தச் சட்டம்தான் வரவில்லையே, பிறகு எந்த உரிமையில் எடுக்கிறார்கள்?

மசோதா திரும்பப் போவதற்கு ஓராண்டு முன்பே வேறொரு சட்டம் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம். உடலில் இருந்து மாதிரி எடுக்கும் அதிகாரம் அதற்குள் இருக்கிறது. மசோதாவோடு சேர்ந்து போனது, அதில் ஓரளவுக்காவது எழுதப்பட்டிருந்த கட்டுப்பாடுகள். இந்த நிலைமை ஏன் கவலைக்குரியது என்பதை அடிப்படையில் இருந்து பார்ப்போம்.

மாதிரி வேறு, புரொஃபைல் வேறு

கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தால் போதும். அல்லது சில சொட்டு ரத்தம். இப்படி உடலில் இருந்து எடுக்கும் பொருள்தான் மாதிரி. அந்த மனிதரின் முழு மரபணுத் தொகுதியும், ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள், அதில் அப்படியே இருக்கிறது. பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு, மூதாதையர் எந்தப் பக்கத்தவர் என்பது போன்ற பலவற்றை அதில் இருந்து படிக்கலாம். இன்று படிக்கத் தெரியாததை 20 ஆண்டு கழித்துப் படிக்கலாம்.

தடயவியல் ஆய்வகம் அதை முழுவதும் படிப்பதில்லை. சிறு துண்டுகள் திரும்பத் திரும்ப வரும் சில இடங்களை மட்டும் பார்க்கிறது. ஓரிடத்தில் ஒரே துண்டு ஒருவருக்கு 12 முறை வரும், இன்னொருவருக்கு 15 முறை வரும். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள்: ஒன்று அம்மா வழி, ஒன்று அப்பா வழி. அமெரிக்காவின் எஃப்பிஐ முன்பு 13 இடங்களைப் பார்த்தது. 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறது. கிடைக்கும் எண்வரிசைதான் புரொஃபைல். தரவுத்தளத்தில் ஏறுவது இதுதான்.

'வெறும் எண்கள்தானே' என்று அரசுகள் சொல்வது இதை வைத்துத்தான். அது பாதி உண்மை. இந்த எண்களில் இருந்து ஒருவரின் உடல்நலத்தைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. ஆனால் யார் யாருக்குப் பிறந்தார் என்பது தெரியும். அதைவிட முக்கியம், எண்களைக் குறித்துக்கொண்ட பிறகு மாதிரியை என்ன செய்தார்கள் என்பது. அது ஆய்வகக் குளிர்பெட்டியிலேயே இருந்தால், 'வெறும் எண்கள்' என்ற வாதத்துக்குப் பொருளில்லை. எந்த நாட்டின் டிஎன்ஏ சட்டத்தைப் படித்தாலும் இந்த ஒரு வரியை முதலில் தேடுவது நல்லது.

பிரிட்டனுக்கு என்ன ஆனது?

டிஎன்ஏ வைத்து ஆளை அடையாளம் காணும் முறையை 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தார். அது முதன்முதலாகப் பயன்பட்ட கொலை வழக்கே ஒரு பாடம். லெஸ்டர் அருகே 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். 17 வயது இளைஞர் ஒருவர் ஒரு கொலையை ஒப்புக்கொண்டார். டிஎன்ஏ சோதனை அவர் செய்யவில்லை என்று காட்டியது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் பொய், ரத்தம் சொன்னது மெய். பிறகு சுற்றுவட்டார ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். உண்மைக் குற்றவாளி தனக்குப் பதிலாக வேறொருவரை ரத்தம் கொடுக்க வைத்திருந்தார். ஆள்மாறாட்டம் செய்தவர் மதுக்கடையில் வாய்விட்டதால்தான் 1988இல் தண்டனை வரை போனது. டிஎன்ஏ ஓர் அப்பாவியை விடுவித்தது. குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தது ஊர்ப்பேச்சு.

1995இல் பிரிட்டன் தேசிய டிஎன்ஏ தரவுத்தளத்தைத் தொடங்கியது. அது வளர்ந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில், விடுதலையானவரின் பதிவை அழிக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2001இல் வந்த சட்டம், விடுதலையானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2003இல் வந்த சட்டம், குற்றம் சாட்டப்படாவிட்டாலும் கைதானாலே எடுக்கலாம் என்றது. ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் சிறியது. சில ஆண்டுகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர்களும் சிறுவர்களும் அதில் ஏராளம்.

2001இல் ஷெஃபீல்டு நகரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொள்ளை முயற்சிப் புகாரில் கைதாகி விடுதலையானான். அதே ஆண்டு இன்னொருவர் மீதான புகார் கைவிடப்பட்டது. இருவரும் 'எங்கள் டிஎன்ஏவை அழியுங்கள்' என்று கேட்டார்கள். பிரிட்டன் நீதிமன்றங்கள் மறுத்தன. வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனது. 2008 டிசம்பர் 4 அன்று 17 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: தண்டனை பெறாதவர்களின் டிஎன்ஏவை வேறுபாடு பார்க்காமல், கால வரம்பும் இல்லாமல் வைத்திருப்பது தனிவாழ்வு உரிமையை மீறுகிறது.

அதன் விளைவாக 2012இல் புதிய சட்டம் வந்தது. குற்றமற்றவர்கள், சிறுவர்களின் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட புரொஃபைல்கள் அழிக்கப்பட்டன. 77 லட்சம் மாதிரிகளும் அழிக்கப்பட்டன. இப்போது பொதுவாக மாதிரியை ஆறு மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும். கடுமையான குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவரின் புரொஃபைலை மூன்று ஆண்டு வைத்திருக்கலாம். நீதிபதி அனுமதித்தால் இன்னும் இரண்டு ஆண்டு.

இத்தனையும் அழித்த பிறகு குற்றப் புலனாய்வு படுத்துவிட்டதா? இல்லை. குற்ற இடத்தில் கிடைத்த டிஎன்ஏ, தரவுத்தளத்தில் உள்ள ஒருவருடன் பொருந்தும் விகிதம் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் 60 விழுக்காட்டுக்கு மேலேயே இருந்தது. பெரிய தரவுத்தளம்தான் நல்ல தரவுத்தளம் என்று வாதிடுபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் மசோதா ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம்

இங்கே டிஎன்ஏ மசோதாவின் வரைவுகள் 2007 முதல் சுற்றிக்கொண்டிருந்தன. 2019இல் அறிமுகமான வடிவம் ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. 2021 பிப்ரவரியில் வந்த குழுவின் அறிக்கை, மதம், சாதி, அரசியல் கருத்து அடிப்படையில் இது தவறாகப் பயன்படலாம் என்ற அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல என்றது. அந்த மசோதாவில் குறைகள் நிறைய. ஆனாலும் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் வாரியம், தகவலைக் கசியவிட்டால் 3 ஆண்டு வரை சிறை, எந்தப் பட்டியலில் யார் பெயர் வரலாம் என்ற பிரிவினை ஆகியவையாவது இருந்தன.

2022 சட்டம், 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. பழைய சட்டம் கைரேகை, கால்தடம், புகைப்படம் என்ற அளவில் நின்றது. புதியதில் என்ன இருக்கிறது?

1. எடுக்கக்கூடியவற்றில் (சட்டம் இவற்றை 'அளவீடுகள்' என்கிறது) கண்ணின் கருவிழிப் பதிவு, கையெழுத்து ஆகியவற்றோடு 'உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும்' சேர்க்கப்பட்டுள்ளன. டிஎன்ஏ என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. இருந்திருந்தால் விவாதம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

2. தண்டனை பெற்றவர், கைதானவர், நன்னடத்தைப் பிணை கொடுக்க உத்தரவிடப்பட்டவர் என மூன்று வகையினரிடமும் எடுக்கலாம். விசாரணைக்குத் தேவை என்று நீதித்துறை நடுவர் கருதினால் எவரிடமும் எடுக்க உத்தரவிடலாம். தலைமைக் காவலர் நிலையில் உள்ள ஒருவரே எடுக்கலாம்.

3. பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமோ, ஏழு ஆண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமோ இல்லையென்றால், கைதானவர் உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். இது முக்கியமான உரிமை. ஆனால் நள்ளிரவில் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது யார் சொல்லித் தெரியும்? சொல்ல வேண்டும் என்ற கடமை சட்டத்தில் இல்லை.

4. பதிவுகளைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டு வைத்திருக்கும். எந்தச் சட்ட அமலாக்க அமைப்புடனும் பகிரலாம்.

5. விடுதலையானவர் முன்பு தண்டிக்கப்படாதவராக இருந்தால், மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்த பிறகு அவர் பதிவை அழிக்க வேண்டும். நீதிமன்றம் எழுத்து மூலம் வேறு உத்தரவிட்டால் அழிக்க வேண்டியதில்லை.

6. தகவலைத் தவறாகப் பயன்படுத்தும் அதிகாரிக்கு என்ன தண்டனை என்று சொல்லும் பிரிவு சட்டத்துக்குள் கிடையாது. அளவீடு தர மறுப்பவருக்கு மட்டும் தண்டனை உண்டு.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த விதிகள் சிலவற்றைச் சுருக்கின. தடை உத்தரவை மீறியதற்காகவோ, முன்னெச்சரிக்கையாகவோ மட்டும் கைதானவரிடம், வேறு குற்றச்சாட்டு இல்லையென்றால், அளவீடு எடுக்கக் கூடாது. நல்லதுதான். ஆனால் விதி என்பது அரசு ஓர் அறிவிக்கையில் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று. அதிகாரத்தைச் சட்டத்திலும் கட்டுப்பாட்டை விதியிலும் வைப்பது எந்தப் பக்கம் சாயும் ஏற்பாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரசமைப்புச் சட்டம் காப்பாற்றாதா? தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20(3)ஆம் பிரிவு. ஆனால் கைரேகை, கையெழுத்து மாதிரி தருவது அப்படிச் சாட்சி சொல்வது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961லேயே சொல்லிவிட்டது. எஞ்சி இருப்பது 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உறுதிசெய்த அந்தரங்க உரிமை. அதன்படி தலையீட்டுக்குச் சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டும் இங்கே இருக்கின்றன. மூன்றாவதில்தான் 75 ஆண்டு என்ற எண் இடிக்கிறது. 25 வயதில் ஒரு சிறு திருட்டுக்குத் தண்டனை பெற்றவரின் பதிவு அவருடைய 100 வயது வரை இருக்கும். அந்தத் திருட்டுக்குச் சில மாதச் சிறைதான் கிடைத்திருக்கும்.

பொருந்தினால் குற்றவாளியா?

1999இல் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் பார்கின்சன் நோய் முற்றிய ஒருவரைப் போலீஸ் பிடித்தது. 300 கிலோமீட்டர் அளவு தொலைவில் நடந்த வீட்டுக் கொள்ளையில் கிடைத்த டிஎன்ஏ அவருடன் ஆறு இடங்களில் பொருந்தியது. தற்செயலாக இப்படிப் பொருந்த 3.7 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றார்கள். அவரால் காரோட்டவே முடியாது. வழக்கறிஞர் வற்புறுத்தி இன்னும் சில இடங்களைச் சோதித்த பிறகுதான் அவர் இல்லை என்று தெரிந்தது.

3.7 கோடியில் ஒன்று என்றால் நடக்கவே நடக்காது என்று தோன்றும். சந்தேகப்படும் ஒரே ஒருவருடன் ஒப்பிட்டால் அது சரி. ஆனால் பல லட்சம் பேரை ஆயிரக்கணக்கான குற்ற இடத் தடயங்களுடன் கணினி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது, ஒப்பீடுகளின் எண்ணிக்கை 3.7 கோடியைச் சுலபமாகத் தாண்டிவிடும். இன்று அதிக இடங்களைச் சோதிப்பதால் இந்த ஆபத்து மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் சிதைந்த தடயத்திலோ, பலருடைய டிஎன்ஏ கலந்த தடயத்திலோ எல்லா இடங்களும் கிடைக்காது. அங்கே பழைய சிக்கல் திரும்ப வரும்.

இன்னொன்று, மாசு. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் சுமார் 40 குற்றங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. 2007இல் ஹைல்பிரோன் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட இடத்திலும் கிடைத்தது. மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2009இல் உண்மை தெரிந்தது: தடயம் எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்த பெண்ணின் டிஎன்ஏ அது.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், அது யார் யார் கைமாறியது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. இவ்வளவு அடிப்படையான விஷயத்தை 2025இல் சொல்ல வேண்டியிருந்தது.

பாதிக்கப்பட்டவரின் டிஎன்ஏ, உறவினரின் டிஎன்ஏ

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. விசாரணையில் 30க்கும் மேற்பட்டவர்களிடம் டிஎன்ஏ சோதனை நடத்தப்பட்டது. மாதிரி கேட்கப்பட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களும் இருந்தார்கள். முதலில் சிலர் மறுத்தார்கள். பாதிக்கப்பட்ட எங்களையே குற்றவாளியாகப் பார்ப்பதா என்பது அவர்கள் கேள்வி. வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும், மாதிரி தரும்போது ஒருவர் எந்த நிலையில் தருகிறார், அது வேறு எதற்கும் பயன்படாது என்று யார் உறுதி சொல்கிறார் என்ற கேள்வி நிற்கிறது.

அந்தப் பயம் வீண் அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில், பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் புகாரின்போது கொடுத்த மாதிரியைப் பின்னாளில் வேறொரு திருட்டு வழக்கில் அவருக்கு எதிராகவே போலீஸ் பயன்படுத்தியது 2022இல் வெளியே வந்தது. கலிஃபோர்னியா மாநிலம் அதைத் தடைசெய்து சட்டமே போட வேண்டியதாயிற்று. அடுத்து ஒரு பெண் புகார் கொடுக்கத் தயங்கினால் அது யார் குற்றம்?

உறவினர் சிக்கல் இதைவிட நுட்பமானது. 1970கள், 80களில் கலிஃபோர்னியாவில் நடந்த தொடர் கொலைகளின் குற்றவாளி 2018இல் பிடிபட்டது, அவருடைய தூரத்து உறவினர்கள் வம்சாவளி தேடும் இணையதளம் ஒன்றில் ஏற்றியிருந்த டிஎன்ஏ மூலம். அவர் பிடிபட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் ஒருவர் தரும் சம்மதம் அவருடைய அண்ணன் தம்பி, சித்தப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஆகிவிடுகிறது. சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் ஊர்களில் இந்த வலை எவ்வளவு தூரம் விரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லோரிடமும் எடுத்துவிட்டால்?

'எல்லோரிடமும் எடுத்தால் பாரபட்சமே இருக்காதே' என்று சிலர் சொல்வார்கள். குவைத் அதைச் செய்து பார்க்க முயன்றது. 2015 ஜூனில் ஒரு மசூதியில் குண்டுவெடிப்பு. அடுத்த மாதமே சட்டம். 13 லட்சம் குடிமக்கள், சுமார் 29 லட்சம் வெளிநாட்டவர், வந்துபோகும் பயணிகள் என எல்லோரும் டிஎன்ஏ தர வேண்டும். வேலைக்குப் போன தமிழர்களும் அதில் அடக்கம். மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 தினார் வரை அபராதம். உடனே எழுந்த சந்தேகம் பயங்கரவாதத்தைப் பற்றியதே அல்ல. குடியுரிமை இல்லாமல் அங்கே தலைமுறைகளாக வாழும் பிதூன் மக்களை வடிகட்டவும், யார் பிள்ளை யாருடையது என்று கிளறவும் இது பயன்படும் என்ற அச்சம். 2017 அக்டோபரில் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றமே சட்டத்தைச் செல்லாது என்றது.

சரி, எல்லோரிடமும் எடுக்கவில்லை, கைதானவர்களிடம் மட்டும் என்றால், கைதாகிறவர்கள் யார்? இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். ஊரில் எது திருடு போனாலும் குறவர், இருளர் குடியிருப்புக்குப் போலீஸ் போகும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று முத்திரை குத்தி ஊரையே ரேகை வைக்கச் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே 'ரேகைச் சட்டம்' என்றுதான் சொன்னார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தார்கள். 2022 சட்டம் நீக்கிய கைதிகள் அடையாளச் சட்டமும் அதே 1920இல் வந்ததுதான். கைரேகை ஒருவரோடு நிற்கும். டிஎன்ஏவோ குடும்பத்தையும் சேர்த்துக் காட்டும். ஒரு சமூகத்தில் பத்தில் ஒருவர் பதிவானாலே மொத்தச் சமூகமும் பதிவான கணக்கு.

தேவையே இல்லையா?

தேவை உண்டு. 2024இல் வயநாடு நிலச்சரிவிலும், 2025 ஜூனில் அகமதாபாத் விமான விபத்திலும் உடல்களைக் குடும்பங்களிடம் ஒப்படைக்க முடிந்தது டிஎன்ஏவால்தான். இலங்கையின் யாழ்ப்பாணம் அருகே செம்மணி மனிதப் புதைகுழியில் 2025இல் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொடுக்கும் ரத்தம் இல்லாமல் அவை யாருடையவை என்று சொல்வது கடினம். ஆனால் அந்தத் தாய் எந்த அரசைச் சந்தேகிக்கிறாரோ அதே அரசின் கையில் தன் குடும்பத்தின் டிஎன்ஏவைக் கொடுக்க வேண்டுமா என்பது நியாயமான தயக்கம். இந்த வேலைகள் எதற்கும் நாட்டு மக்களின் நிரந்தரத் தரவுத்தளம் தேவைப்படவில்லை. உறவினர் விருப்பத்தோடு தருகிறார், ஒப்பிடுகிறார்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

ஆகவே இந்தியாவில் அடுத்து எந்த மசோதா வந்தாலும் பார்க்க வேண்டியவை என் கணக்கில் மூன்று:

1. புரொஃபைல் எடுத்ததும் மாதிரியை அழிக்கக் கெடு இருக்கிறதா?

2. பாதிக்கப்பட்டவர், சாட்சி, காணாமல் போனவரின் உறவினர் ஆகியோரின் டிஎன்ஏவைக் குற்றத் தடயங்களோடு ஒப்பிடச் சட்டத்திலேயே தடை இருக்கிறதா?

3. விடுதலையானதும் பதிவு தானாக அழியுமா, இல்லை அவரே அலைய வேண்டுமா?

மூன்றாவதற்கு இப்போதைய பதில் பிரிட்டனுக்கு நேர்மாறானது. 2022 விதிகளின்படி, பதிவை அழிக்கக் கோரும் விண்ணப்பத்தை மாநில அரசு நியமிக்கும் பொறுப்பு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் வேறு வழக்குடன் தொடர்பில்லை என்று சரிபார்த்து, குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதனால் விடுதலைத் தீர்ப்பு வந்த கையோடு தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குவதும், மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அந்த விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ரசீது பெறுவதும் வழக்கறிஞர்கள் தங்கள் கட்சிக்காரருக்குச் செய்து தர வேண்டிய வேலைகள்.